வெயில் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல

எங்கள் புளியங்குடியில் எந்த நாற்றத்துக்கும் இரண்டே வைத்தியம்தான். ஒன்று எலுமிச்சம்பழம், இன்னொன்று மொட்டைமாடி வெயில். இரண்டுக்கும் இங்கே பஞ்சமில்லை. அவற்றை நம்பி, பேரனின் பிழைப்பிலேயே நான் கைவைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பேரன் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுக்கிறான். ஏப்ரல் கடைசியில் வந்தவன், வெட்சூட் இருந்த பையை இங்கே வைத்துவிட்டு ஒரு மாதம் வெளியூர் போனான். பையைத் திறந்தால் கருவாட்டு வாடை. பிளீச்சிங் பவுடர் கரைத்த வெந்நீரில் ஊறவைத்தேன். எலுமிச்சம்பழம் நாலு பிழிந்தேன். முறுக்கிப் பிழிந்து கம்பிக்கொடியில் போட்டேன். "வெயில்ல கெடக்கட்டும் அண்ணாச்சி, எல்லாம் சரியாயிரும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அக்னி நட்சத்திரம் முழுக்கக் கிடந்தது.

பேரன் வந்து பார்த்தபோது தோள்பட்டை அட்டை மாதிரி விறைத்திருந்தது. கம்பி பட்ட இடமெல்லாம் வெடிப்பு. "பரவால்ல தாத்தா" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

உள்ளே கழுத்தருகில் ஒரு துணிச்சீட்டு தைத்திருந்தது. வெந்நீர் கூடாது, பிளீச் கூடாது, நிழலில் உலர்த்தவும் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் போட்டிருந்தார்கள். பள்ளிப் படிப்பையே பிரெஞ்சில் படித்தவன் நான். குமாஸ்தாவாக அரசாங்கக் கோப்புகளை அடிக்குறிப்பு வரை வாசித்தவன். அந்தச் சீட்டை மட்டும் பார்க்கவில்லை. 'வெயிலில் போட்டால் சுத்தம்' என்ற நம்பிக்கை கண்ணை மறைத்துவிட்டது.

அந்த நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை. வேட்டிக்கும் வற்றலுக்கும் வெயில் சரி. நியோப்ரீன் துணியல்ல, 1930களில் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்த செயற்கை ரப்பர். வெட்சூட்டில் இருப்பது அதன் நுரை வடிவம். உள்ளிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள்தான் உடம்புச் சூட்டைக் காக்கின்றன. கடும் வெயில் ரப்பரை இறுக்கி வெடிக்கவைக்கும். பிளீச் அதை அரிக்கும். முறுக்கினால் தையலும் பசையும் விட்டுப்போகும்.

செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். கடலைவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு பக்கமும் அலச வேண்டும். வியர்வையும், மறைக்காமல் சொன்னால் சிறுநீரும், தங்குவது உள்பக்கம்தான். வாடை இருந்தால் குளிர்ந்த நீரில் காரமில்லாத சோப்பைக் கொஞ்சம் கரைத்துக் கையால் கழுவலாம். ஜிப்பில் உப்பு நிற்கக்கூடாது. பிழியாமல், தடித்த ஹேங்கரில் இடுப்போடு மடித்துப் போட்டு, காற்றோட்டமான நிழலில் முதலில் உள்பக்கத்தையும் பிறகு வெளிப்பக்கத்தையும் உலர்த்த வேண்டும். காய்ந்த பிறகும் மடித்துத் திணிக்கக்கூடாது.

"கடலே இல்லாத ஊர்க்காரனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். முழங்கால் வலிக்கு மாட்டுகிறோமே நீ கேப், இடுப்பு பெல்ட், அவற்றில் பலவும் இதே நியோப்ரீன்தான். 'ஆறே மாசத்துல விட்டுப்போச்சு, மட்டமான சரக்கு' என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். அது எங்கே காய்ந்தது என்று யோசிப்பதில்லை.

பேரனுக்குப் புது வெட்சூட் என் பென்ஷனில் வாங்கிக் கொடுத்தேன். அபராதம் நியாயமானதுதான். நீங்களும் கட்டாமலிருக்க, இன்றைக்கே மாடிக்கொடியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.