எல்லையோரத்தில் ஒரு டர்போ ஹேட்ச்பேக்: பணத்தை எஞ்சினில் போடுவதா, டயரில் போடுவதா?

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே பழைய நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் நின்றால் போதும், மூணு விதமான நம்பர் பிளேட் கண்ணில் படும். கேஎல்-19 என்றால் பாறசாலை, கேஎல்-20 என்றால் நெய்யாற்றின்கரை, டிஎன்-75 என்றால் மார்த்தாண்டம். 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கியது. அன்றிலிருந்து இங்கே பலருக்கு வீடு ஒரு மாநிலம், வேலை இன்னொரு மாநிலம். பெட்ரோல் மட்டும் தமிழ்நாட்டுப் பக்கம். சில ஆண்டுகளாகவே லிட்டருக்கு ஐந்து ரூபாய் போல அங்கே குறைவு.

டெக்னோபார்க்கிலோ நாகர்கோவிலிலோ வேலை பார்க்கும் ஒருவர், இரண்டு மூன்று வருடச் சேமிப்பில் ஒரு டர்போ ஹேட்ச்பேக் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதமே நண்பர்கள் கேட்கிற கேள்வி: "ஸ்டேஜ் 1 போட்டாச்சா?" லேப்டாப்பைச் செருகி அரை மணி நேரம், முப்பது குதிரைத்திறன் கூடுதல். இதற்கு எதிர்ப்பக்கம் இருப்பவை டயர், பிரேக், ஒரு டிராக் டே. கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும் என்றால், எது சரி?

எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறோம்?

இந்தியாவில் இந்த வகைக் கார்கள் எப்போதும் சொற்பம்தான். 2013-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ (105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர்) ஒரு தலைமுறைக்கே ஆசையைக் கிளப்பியது. 2022-ல் போலோ உற்பத்தி நின்றது. இன்றும் பழைய கார் சந்தையில் அதைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. 2021-ல் ஹூண்டாய் ஐ20 என் லைன், 2024-ல் டாடா அல்ட்ராஸ் ரேசர். இரண்டும் 120 பிஎஸ். 2025 மே மாதம் கோல்ஃப் ஜிடிஐ 53 லட்ச ரூபாய்க்கு வந்தது. அது வேறு உலகம், விட்டுவிடலாம்.

ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. ஒரு லிட்டர் டர்போ ஹேட்ச்பேக்குகள் இந்த வரம்புக்குள் வந்துவிடுகின்றன. அப்படி மிச்சமான பணம்தான் பல பேருக்கு மாடிஃபிகேஷன் பட்ஜெட்டாக மாறுகிறது.

ரீமேப் என்னதான் செய்கிறது?

எஞ்சினின் இசியூவில் இருக்கும் மென்பொருளை மாற்றி டர்போவின் அழுத்தத்தையும், எரிபொருள் அளவையும், தீப்பொறி விழும் நேரத்தையும் திருத்துகிறார்கள். டர்போ எஞ்சினில் இது நிஜமாகவே வேலை செய்யும், ஏமாற்று கிடையாது. ஆனால் நிறுவனம் அந்த இடைவெளியைச் சும்மா விட்டுவைக்கவில்லை. மோசமான பெட்ரோல், ஏப்ரல் வெயில், அடைத்துப்போன ஏர் ஃபில்டர், மலையேற்றம் எல்லாம் ஒரே நாளில் வந்தாலும் எஞ்சின் தாங்க வேண்டும் என்பதற்கான இடைவெளி அது. பெரும்பாலான ஸ்டேஜ் 1 மேப்புகள் 95 ஆக்டேன் பெட்ரோலை எதிர்பார்ப்பவை. அது எல்லா பங்கிலும் கிடைக்காது. மலிவு என்று எல்லையில் நிரப்பும் சாதாரண பெட்ரோலில் இந்தக் கணக்கே மாறிவிடும்.

போலோ ஜிடியின் டிக்யூ200 கியர்பாக்ஸுக்கு உலர் கிளட்ச். அது தாங்கும் அளவு 250 நியூட்டன் மீட்டர். 175-ல் ஓடும்போது நிறைய இடம் இருக்கிறது, ரீமேப் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பாலராமபுரம் நெரிசலில் தினமும் ஊர்ந்து போகிற காருக்கு இது சின்ன விஷயமில்லை.

சட்டம்: எல்லை தாண்டினால் மாறுமா?

மாறாது. மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம். பிரிவு 52-ன்படி, ஆர்சியில் இருக்கும் விவரங்கள் நிறுவனம் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அந்த வழக்கு போனதே கேரளத்திலிருந்துதான்: கொஞ்சம் தாராளமாக இருந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட பிரிவு 182ஏ(4) தண்டனையையும் வகுத்தது. 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். சத்தமான எக்ஸாஸ்ட் என்றால் பிரிவு 190(2) தனியாக வரும், அதற்கு 10,000 ரூபாய் வரை.

இன்றைய ஆர்சி படிவத்தில் சிசியோடு குதிரைத்திறனுக்கும் இடம் இருக்கிறது. ரீமேப் செய்த கணமே அந்த எண் பொய்யாகிவிடுகிறது. வெளியே தெரியாதே என்பது உண்மைதான். எம்விடி அதிகாரி ரோட்டில் டைனோ வைத்துச் சோதிக்கப் போவதில்லை. சிக்கல் அவரிடம் இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

டிஎன்-75 வண்டியை வைத்துக்கொண்டு தனுவச்சபுரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். பிரிவு 47-ன்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் என்ஓசி வாங்கி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். மறுபதிவில் அதிகாரி வண்டியை நேரில் பார்ப்பார். எக்ஸாஸ்ட்டும், தாழ்த்திய சஸ்பென்ஷனும் மாட்டுவது பல நேரம் அந்த இடத்தில்தான்.

2024 மே மாதம் ஆலப்புழையில் ஒரு யூடியூபர் தன் டாடா சஃபாரிக்குள் நீச்சல் குளம் அமைத்து ரோட்டில் ஓட்டினார். கேரள உயர் நீதிமன்றம் கடுமையாகத் தலையிட்டது, பிறகு மாற்றம் செய்த வண்டிகள் எல்லாவற்றின் மீதும் பிடி இறுகியது. நீச்சல் குளத்துக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் என் பார்வையில் நம் சட்டத்தின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு சஸ்பென்ஷனோ சக்கரமோ மாற்றினால் டியூஃப் போன்ற அமைப்பு சோதித்து, வண்டியின் ஆவணத்தில் பதிந்து கொடுக்கும். இங்கே தனி ஆள் தன் காரின் செயல்திறன் மாற்றத்தை அப்படிச் சோதித்துப் பதிந்துகொள்ள வழி இல்லை. அதனால் நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒன்றாக ஒளிந்துகொள்கின்றன, யாரும் எதையும் சோதிப்பதில்லை.

உண்மையான விலை பாலிசியில் இருக்கிறது

உங்கள் கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து 'பயன்பாட்டு வரம்புகள்' என்ற பகுதியைப் படியுங்கள். தனியார் கார் பாலிசியில் வழக்கமாக விலக்கப்பட்டவை: வாடகை, சரக்கு, ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மை சோதனை ஓட்டம். ஆக, டிராக்கில் சுவரில் மோதினால் முழுச் செலவும் உங்களுடையது. டிராக்குக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்தே போக வேண்டும்: அந்தக் காரை இழந்தாலும் இஎம்ஐ கட்ட முடியுமா?

ரோட்டில் கதை இன்னும் மோசம். சொல்லாமல் செய்த ரீமேப் விபத்துக்குப் பிறகு தெரியவந்தால், சொந்தச் சேதத்துக்கான கிளெய்மை நிறுவனம் மறுக்கக் காரணம் கிடைத்துவிடுகிறது. மூன்றாம் நபர் இறந்தாலோ காயமடைந்தாலோ இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. சாதாரணமாக அதை நிறுவனம் சுமக்கும். ஆனால் பந்தயத்துக்கோ வேகச் சோதனைக்கோ வண்டியைப் பயன்படுத்தியதாகச் சொல்லி, பிரிவு 150-ன் கீழ் நிறுவனம் வாதாட முடியும். அதாவது ரீமேப்பின் பில் சில பத்தாயிரம். அதோடு சேர்ந்து உங்கள் தோளுக்கு மாறும் பொறுப்பின் அளவு எந்த பில்லிலும் வராது.

இது கற்பனை இல்லை. கழக்கூட்டத்திலிருந்து எல்லையோரக் காரோடு வரை வரும் சுமார் 43 கிலோமீட்டர் பைபாஸைப் பாருங்கள். முக்கோலைக்கு அப்பால் கான்கிரீட் ரோடு, நேராக, வழுவழுப்பாக இருக்கும். இரவில் ஆக்சிலரேட்டரை மிதிக்கத் தூண்டும். 2023 ஜனவரியில் இதே பைபாஸில் கோவளம் அருகே சாலையைக் கடந்த ஒரு பெண்ணும், அவர் மீது மோதிய சூப்பர்பைக்கை ஓட்டிய இளைஞரும் இறந்தார்கள். ஊரை அறுத்துக்கொண்டு போகும் ரோடு அது, இரண்டு பக்கமும் வீடுகள். 2023 ஜூலை முதல் கேரளத்தில் நாலுவழி தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு வேக வரம்பு 100. 2023 ஜூனில் அபராதம் விதிக்கத் தொடங்கிய 726 ஏஐ கேமராக்களைப் பற்றி எல்லோரும் பேசினோம். அந்த 726-ல் 675 ஹெல்மெட், சீட் பெல்ட் போன்றவற்றுக்கு. வேகத்தை அளக்க வைத்தவை 8 தான். கேமரா பிடிக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சரி, டயருக்கு என்ன பெருமை?

ஒரு சின்னக் கணக்கு. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், உலர்ந்த ரோட்டில் பிடிமானக் குணகம் 0.8 என்றால் பிரேக் போட்டபின் நிற்க சுமார் 49 மீட்டர் எடுக்கும். ஈர ரோட்டில் தேய்ந்த டயரோடு 0.5 என்றால் 79 மீட்டர். நல்ல டயரால் அதை 0.6-க்கு உயர்த்தினால் 66 மீட்டர். 13 மீட்டர் வித்தியாசம், அதாவது மூணு ஹேட்ச்பேக் நீளம். இதற்கு மேல் உங்கள் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆனால் 28 மீட்டர் தனி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நனைக்கிற ஊர் இது. கூடுதல் 30 குதிரைகள் இந்தக் கணக்கில் எங்கேயும் உதவுவதில்லை.

நிறுவனம் குறிப்பிட்ட அதே அளவில் நல்ல டயர் போடுவதில் சட்டச் சிக்கலும் இல்லை. அளவை மாற்றினால்தான் கேள்வி வரும். ஐ20 என் லைனின் 195/55 ஆர்16 அளவில் நாலு தரமான டயருக்கு ஏறக்குறைய ஒரு ரீமேப்பின் காசுதான் ஆகும்.

அடுத்து பிரேக் திரவம். இதை யாரும் இன்ஸ்டாகிராமில் போடுவதில்லை, ஆனால் டிராக்கில் முதலில் கைவிடுவது இதுதான். டாட் 4 திரவத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியபின் 155. இந்தக் கடலோர ஈரப்பதத்தில் இரண்டு மூன்று வருடம் மாற்றாத திரவத்தோடு டிராக்குக்குப் போனால், நாலாவது சுற்றில் பெடல் பஞ்சு போல அமுங்கும். மாற்ற ஆகும் செலவு ஒரு குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிடும் செலவுக்கு மேல் போகாது. கொஞ்சம் சூடு தாங்கும் பிரேக் பேட் சேர்த்தால் போதும். ஸ்டாக் எஞ்சினோடு ஒரு நாள் நிம்மதியாக ஓட்டலாம்.

டிராக் எங்கே?

நாட்டின் பெயர்பெற்ற மூணு தடங்களில் இரண்டு தமிழ்நாட்டில், ஒன்று நொய்டா அருகே. கேரளத்தில் எதுவும் இல்லை. கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே, விமான விபத்தில் இறந்த எஸ். கரிவரதனின் பெயரில் இருக்கிறது. பாறசாலையிலிருந்து மதுரை வழியாகப் போனாலும் பாலக்காடு வழியாகப் போனாலும் 400 கிலோமீட்டருக்கு மேல். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் 3.7 கிலோமீட்டர் நீளம், 700 கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஐ20 என் லைனைச் செய்கிற ஹூண்டாய் ஆலையும் அதே இருங்காட்டுக்கோட்டைதான். கார் பிறந்த ஊருக்கே அதை ஓட்டிக்கொண்டு போகலாம்.

2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 பந்தயம் நடத்த அரசால் முடிந்தது. அதே முனைப்பை, சாதாரணக் கார் வைத்திருப்பவர் வருடத்துக்கு இரண்டு முறை கட்டணம் கட்டி ஓட்டும் டிராக் டேக்களிலும், தென்கோடியில் ஒரு சின்னப் பயிற்சித் தடத்திலும் காட்டினால் பைபாஸுக்கு வரும் கூட்டம் குறையும் என்று நினைக்கிறேன். வேகமாக ஓட்டும் ஆசைக்கு 400 கிலோமீட்டர் தள்ளி ஒரு இடம், 4 கிலோமீட்டர் தள்ளி ஒரு பைபாஸ் என்றால் 22 வயதுப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். டிராக்குக்குப் போகும் காரில்தான் வீட்டுக்கும் திரும்ப வேண்டும். ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை மெதுவான ஒரு சுற்று ஓட்டிப் பிரேக்கைக் குளிரவிடுங்கள். நிறுத்தியவுடன் ஹேண்ட்பிரேக் போட வேண்டாம், சூடான பேட் ஒட்டிக்கொள்ளும். கிளம்பும் முன் பேட்டில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று பார்த்து, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கி, டயர் காற்றழுத்தத்தைக் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்குத் திருப்பிவிட்டு வண்டியை எடுங்கள்.