தலைவர் பிறந்தநாளுக்கு மட்டும் வராதீங்க

தலைவர் பிறந்தநாள்னா வார்டுக்கு பிரெட், ஆப்பிள், கூடவே கேமரா வந்துடும். அன்னைக்கே ரத்ததான முகாம். நல்லதுதான். ஆனா ஒரே நாள்ல குவியுற ரத்தம் வருஷம் முழுக்க வராதுங்க. பிளேட்லெட் 5 நாள், சிவப்பணு அதிகபட்சம் 42 நாள். மே மாசம் காலேஜ் லீவு, முகாமும் குறைவு. பிரசவத்துல ரத்தப்போக்கோட வர்ற பொண்ணு உங்க தலைவர் பிறந்தநாள் பார்த்தா வர்றாங்க?

ராத்திரி 2 மணிக்கு, கூலிவேலை பாக்குற புருஷன்கிட்ட "ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்லிப் பாருங்க. நான் சொல்லியிருக்கேன்.

எடுக்குறது 350 மில்லி. ஆண்கள் 3 மாசத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாசத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை அரசு ரத்த வங்கிக்கு நேரா வாங்க. போட்டோ வேணும்னா நானே எடுத்துத் தர்றேன்.