ஐயாயிரம் வாட்டும் ஒரு சிறு கூடமும்



உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்தில் என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவனின் வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். நெல் விற்ற பணத்தில் 'ஹோம் தியேட்டர்' வாங்கித் தருவதாக அவன் தந்தை வாக்குக் கொடுத்திருந்தார். தங்கையோ பன்னிரண்டாம் வகுப்பு, டி.வி. இருக்கும் அதே கூடத்தில்தான் அவள் படிப்பும். "நீங்க இயற்பியல் வாத்தியாரு சார். வாங்கலாமா, வேணாமான்னு நீங்களே சொல்லிடுங்க" என்று பெரியவர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

பையன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2006-இல் தமிழக அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். படக்குழாய்க்காகவே அவற்றுக்கு ஆழம் வேண்டியிருந்தது. அதில் ஒலிபெருக்கிக்கும் இடம் கிடைத்தது. இன்றைய டி.வி.யோ பலகை போல் மெலிந்துவிட்டது. அதன் குட்டி ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ இருக்கின்றன. படம் பளிச்சென்று தெரிகிறது, பேச்சுத்தான் புரிவதில்லை. அந்த வீட்டுப் பாட்டி ஒலியைக் கூட்டச் சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காது மட்டும் காரணமல்ல.

'5.1' என்பதில் ஐந்து ஒலிபெருக்கிகளும், தாழ்ந்த சுரங்களுக்கென ஒரு வூஃபரும் உண்டு. திரைப்பட வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியிலிருந்தே வரும். ஆகவே பேச்சு தெளிவாகும் என்பது உண்மையான நன்மை. ஆனால் ஆறு தடங்களில் பதிவான ஒலி வந்தால்தான் ஆறு பெட்டிக்கும் வேலை. இரு தடங்களில் வரும் நெடுந்தொடரை ஆறாகப் பங்கிட்டுக் கொடுப்பதால் புதிதாக எதுவும் கிடைத்துவிடாது.

இனி அறையைப் பார்ப்போம். கடைக்காரர் பேசாத விஷயம் இதுதான். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிய சொற்பொழிவு மண்டபம் ஒன்றில் பேச்சே புரியவில்லை. காரணம் கண்டறியப் பணிக்கப்பட்ட வாலஸ் சாபின் என்ற இளம் ஆசிரியர், வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் அங்கே சுமந்து வந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட விதியின்படி, அறையின் கன அளவை 0.16-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும்.

சாலவாக்கம் வீட்டுக் கூடம் 3 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். கன அளவு 32.4, சுவர், தரை, கூரையின் பரப்பு 61.2. சிமெண்டுப் பூச்சு தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். கணக்குப் போடுங்கள்: கதவடைத்த வெற்றறையில் ஏறக்குறைய 2.8 வினாடி! பேச்சு தெளிவாகக் கேட்க அரை வினாடி போதும். நாலு பேர் உட்கார்ந்தால், பாய் தலையணை போட்டால் நேரம் குறையும். (பழைய கூரை வீட்டின் ஓலை ஒலியை நன்றாகவே விழுங்கியது. அதை இழந்ததில் எனக்குச் சிறிது வருத்தம்தான்.)

வூஃபரின் கதை இன்னும் வேடிக்கை. 3.6 மீட்டர் நீளத்தில் அரை அலை பொருந்துமானால் அலைநீளம் 7.2 மீட்டர், அதிர்வெண் சுமார் 47 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தில் நிலையலை உண்டாகும். சுவரோரம் அழுத்தம் மிகுதி, நடுவில் குறைவு. நடுவே அமர்ந்த பையன், "பேஸ் பத்தலை" என்று திருகுவான். சுவரில் சாய்ந்த பாட்டிக்கு நெஞ்சு அதிரும். தாழ்ந்த ஒலி சுவரையும் எளிதில் கடக்குமாதலால் அடுத்த வீட்டுக்காரருக்குப் பாட்டு போய்ச் சேராது, 'டம் டம்' மட்டும் போய்ச் சேரும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல் என்று வரையறுத்துள்ளன. அடுத்த வீட்டுக்காரர் அவ்வளவுதூரம் போகமாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பையன் தேர்ந்து வைத்திருந்த பெட்டியின் படத்தைக் கைபேசியில் காட்டினான். முன்பக்கம் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்து. பின்பக்கச் சீட்டில் மின் நுகர்வு 60 வாட்! வீட்டின் 5 ஆம்பியர் பிளக்கிலிருந்து 230 வோல்ட்டில் 1150 வாட்டுக்குமேல் எடுக்கவே கூடாது. மின்தேக்கிகளில் சேர்ந்த ஆற்றல் ஒரு கணம் பாயலாம். தொடர்ந்து பாய எங்கிருந்து வரும்? ஆற்றல் அழிவின்மை விதியைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் கடைவாசலில் அதை மறக்கலாமா என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட். மேலும், வாட்டைப் பத்து மடங்காக்கினால் ஒலி 10 டெசிபெல்தான் கூடும். காதுக்கு அது சுமார் இரு மடங்காகவே தோன்றும்.

என் தீர்ப்பு: அந்தக் கூடத்துக்கு ஆறு பெட்டி வேண்டாம். காது மட்டத்தில் வைத்த நல்ல ஒலிபெருக்கி இரண்டு, சுவரில் ஒரு தடித்த துணித்திரை, தங்கை படிக்கும் நேரத்துக்கு ஒரு ஹெட்ஃபோன் போதும். மிஞ்சும் பணத்தில் அவளுக்கு ஒரு மேசை வாங்கலாம்.

பெரியவர் தலையசைத்தார். பையன் முகம் தெளியவில்லை. "தியேட்டர் மாதிரி இருக்காதே சார்" என்றான். இருக்காதுதான், மறுக்க முடியவில்லை. கடைக்குப் போனதும் பின்பக்கச் சீட்டைப் படித்துவிட்டுப் போன் செய்வதாக மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறான்.