ஏழை என்றால் யார்? ஒரே சொல்லுக்கு இத்தனை கணக்கு

தோட்டத்து ஆலய மண்டபத்திலோ, தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலோ வறுமை பற்றிப் பேச்சு எழுந்தால் சிறிது நேரத்தில் குரல்கள் உயர்ந்துவிடுகின்றன. நாட்டில் வறுமை ஒரு விழுக்காடுகூட இல்லை என்கிறார் ஒருவர். பத்துக் குடும்பங்களில் நான்கு ஏழைக் குடும்பங்கள், பி40 என்று அரசாங்கமே சொல்கிறதே என்கிறார் அடுத்தவர். மூன்றாமவர் தம் கைப்பேசிக்கு வந்த வேறோர் எண்ணை வாசித்துக் காட்டுகிறார். மூவருமே ஏதோ ஓர் அரசாங்கக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ‘வறுமை’ என்று அவர்கள் சொல்வது ஒரே பொருளை அல்ல.

2019-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் புள்ளிவிவரத் துறைக் கணக்கில் பரம ஏழ்மை 0.4 விழுக்காடு. அதாவது, சாப்பாட்டுச் செலவுக்கான 1,169 ரிங்கிட்கூட வருமானம் இல்லாத குடும்பங்கள். சாப்பாட்டோடு வாடகை, துணிமணி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து வகுத்த கோடு 2,208 ரிங்கிட். அதற்குக் கீழே இருந்தவை 5.6 விழுக்காடு. நாட்டின் இடைநிலை வருமானத்தில் பாதியைக்கூட எட்டாத குடும்பங்களை எண்ணினால் 16.9 விழுக்காடு. ஒரே நாடு, ஒரே ஆண்டு, மூன்று எண்கள். மூன்றுக்கும் வீட்டிலும் கடையிலும் வழங்கும் பெயர் ஒன்றுதான்: வறுமை.

இதனால்தான் “பரம ஏழ்மையை ஒழிப்போம்” என்று அரசாங்கம் அறிவிக்கும்போது, “வறுமையே ஒழிந்துவிட்டதாமே” என்று காப்பிக் கடையில் கோபம் வருகிறது. சொன்னது ஒன்று, காதில் விழுந்தது வேறொன்று.

இந்தச் சொல்லின் பொருள் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2020-இல் நாடே பார்த்தது. அதற்கு முன்பு வறுமைக் கோடு மாதம் 980 ரிங்கிட்டாக இருந்தது. அந்தக் கோட்டின்படி 2016-இல் ஏழைக் குடும்பங்கள் வெறும் 0.4 விழுக்காடு, ஏறத்தாழ 25,000 குடும்பங்கள். 2019 ஆகஸ்டில் இங்கு வந்த ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி பிலிப் ஆல்ஸ்டன், இந்தக் கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்றார். அரசாங்கம் அதை மறுத்தது. மறு ஆண்டே கோடு 2,208 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. ஏழைக் குடும்பங்களின் எண்ணிக்கை 405,441 ஆனது. எந்த வீட்டு அடுப்பிலும் ஒரே இரவில் எதுவும் மாறிவிடவில்லை. மாறியது சொல்லின் பொருள் மட்டுமே.

அந்த வாதம் நடந்த விதமும் கவனிக்க வேண்டியது. வெளிநாட்டுக்காரருக்கு நம் நாடு பற்றி என்ன தெரியும் என்று ஒரு தரப்பு. ஐ.நா.வே சொல்லிவிட்டது, பிறகென்ன என்று மறு தரப்பு. சொன்னவர் யார் என்று பார்த்தவர்கள் அதிகம். சொன்னது சரியா என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு. 980 ரிங்கிட்டை நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு மாதம் 245, ஒரு நாளைக்கு 8 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். சாப்பாடு, வாடகை, பஸ் காசு, பிள்ளையின் சட்டை, காலணி எல்லாம் அதற்குள் அடங்குமா? மளிகைக் கடைக்குப் போய்வரும் எந்த அம்மாவும் இதற்குப் பதில் சொல்லியிருப்பார். அதற்கு ஐ.நா. தேவையில்லை, அமைச்சும் தேவையில்லை.

பி40 என்ற சொல்லுக்கு வந்த கதி இன்னும் மோசம். வருமான வரிசையில் கீழே உள்ள 40 விழுக்காட்டுக் குடும்பங்களைக் குறிக்கும் பெயர் அது. நாளைக்கே எல்லாருடைய சம்பளமும் இரண்டு மடங்கானாலும் பி40 அதே 40 விழுக்காடாகத்தான் இருக்கும். ஆகவே “பி40-ஐ ஒழிப்போம்” என்று மேடையில் யாராவது முழங்கினால் அதற்குப் பொருளே இல்லை. இது நாட்டுக் குடும்பங்கள் அனைத்தையும் சேர்த்து வகுத்தது என்பதால், இந்தியர்களில் 40 விழுக்காட்டினர் பி40 என்று சொல்வதும் தவறு. ஒவ்வோர் இனத்திலும் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்பது தனிக் கணக்கு.

ஒரு கணக்குக்காக, அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளலாம். கணவர் பாதுகாவலர், மனைவி துப்புரவுப் பணியாளர். இருவருக்கும் 2025-இல் உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம், தலா 1,700. மொத்தம் 3,400 ரிங்கிட். 2022-இன் வறுமைக் கோடு 2,589, அதைத் தாண்டிவிட்டார்கள். அந்த ஆண்டு இடைநிலை வருமானம் 6,338. அதில் பாதியையும் சற்றே தாண்டுகிறார்கள். ஆக, இரண்டு கணக்கிலும் அவர்கள் ஏழை இல்லை. ஆனால் 2022-இன் எல்லையான 5,250 ரிங்கிட்டுக்குக் கீழ் இருப்பதால் பி40. 5,000 ரிங்கிட் வரை உள்ள குடும்பங்களுக்கான எஸ்.டி.ஆர். உதவித் தொகைக்கும் தகுதி உண்டு. இதில் இன்னொரு சிக்கல்: 2,589 என்பது நாட்டின் சராசரிக் கோடு. குடும்பத்தில் எத்தனை பேர், எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்தால் பதிலே மாறக்கூடும்.

தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை, வீட்டுக்குப் பின்னால் கீரையும் முருங்கையும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தபோது பட்டணத்துக்கு வந்த குடும்பத்துக்குச் சம்பளம் கூடியது, வாடகையும் தண்ணீர்க் கட்டணமும் சேர்ந்தே வந்தன. வருமானத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது முன்னேற்றம். மாதக் கடைசியில் கடன் சொல்லிச் சாமான் வாங்குபவரிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

எண்ணைக் கையில் வைத்திருப்பவரிடம் எந்தக் கோடு, எந்த ஆண்டு, எத்தனை பேர் உள்ள குடும்பம் என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது. கட்சிக்காரர் சொன்னாலும் சங்கத் தலைவர் சொன்னாலும் கேட்கலாம். பலர் கேட்பதில்லை. கேட்டால் எதிரணி என்று முத்திரை விழுமோ என்ற தயக்கம். அதன் விலையை மனுப் பாரம் நிரப்பும் குடும்பங்கள் கொடுக்கின்றன. “நாங்கள் பி40தானே, ஏன் கிடைக்கவில்லை?” என்று கேட்பவர் விண்ணப்பித்தது, பெரும்பாலும் பரம ஏழைகளுக்கு என்று ஒதுக்கப்பட்ட உதவியாக இருக்கும்.

‘குடும்பம்’ என்ற சொல்கூட எல்லா இடத்திலும் ஒன்றல்ல. புள்ளிவிவரத் துறைக்கு, ஒரே வீட்டில் தங்கி ஒன்றாக உண்பவர்கள் எல்லாரும் குடும்பம். தொழிற்சாலைக்குப் போகும் மூத்த மகனின் சம்பளமும் அதில் சேரும். எஸ்.டி.ஆர். மனுவில் கணவன் மனைவி வருமானம்தான் கணக்கு. அடுத்த முறை ‘குடும்ப வருமானம்’ என்ற கட்டத்தில் எண்ணை எழுதும் முன், யார் யாருடைய சம்பளம் என்று அந்த அலுவலக முகப்பிலேயே கேட்டுவிடலாம்.