ஐந்து கிலோ அரிசியின் கணக்கு

2024 டிசம்பரில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு ஃபெஞ்சல் புயல் நிவாரணமாகக் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்று அரசு அறிவித்ததும் சண்டை தொடங்கியது. போன ஆண்டு நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் 6,000 கொடுத்தீர்களே, இவர்கள் என்ன இளப்பமா என்றது எதிர்த்தரப்பு. டெல்லி கொடுத்தால்தானே என்றது ஆளும் தரப்பு. பணத்தோடு வந்த பையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ. பேரிடர்க் காலத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி வேண்டும், அதில் பத்தில் ஒரு பங்காவது புரதத்திலிருந்தும் 17 சதவீதம் கொழுப்பிலிருந்தும் வர வேண்டும் என்கிறது நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் கையேடு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அந்தப் பை மூன்று நாள் தாங்கும். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை, முட்டை இல்லை. ஒன்றரை வயதுக் குழந்தையின் வயிறு சிறியது. வெறும் சோற்றை எத்தனை முறை ஊட்டினாலும் அதற்கு வேண்டிய சத்து சேராது.

இந்தக் கஞ்சத்தனம் புதிதல்ல. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877 தொடக்கத்தில் வைசிராய் அரசின் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமப்பவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் மேல்செலவுக்குச் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு அரிசி ஏறக்குறைய 1,600 கலோரி. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் கொதித்துப்போனார். ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், தானியம் மட்டும் போதாது என்று எழுதினார். டெம்பிள் மசியவில்லை. சில மாதங்கள் கழித்து மாகாண அரசே கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. (சொத்தை விற்றுக் கஞ்சி ஊற்றியதாக மதுரை இன்றும் சொல்லும் குஞ்சரத்தம்மாள் எந்தப் பவுண்டுக் கணக்கும் பார்க்கவில்லை.) இன்றைய கோட்டைக்குள் டெம்பிள்கள் நிறைய, கார்னிஷ் ஒருவர்கூட இல்லை.

கையில் பணம் இருந்தால் வேண்டியதை வாங்கிக்கொள்வார்கள் என்று வாதிடும் மேதைகள், 2024 அக்டோபர் கடைசியில் மதுரையில் பந்தல்குடி வாய்க்கால் செல்லூர்த் தெருக்களுக்குள் புகுந்த அன்று முழங்கால் தண்ணீரில் முட்டை வாங்கப் போயிருக்க வேண்டும்.

மழை என்றதும் ஆட்சியர் பள்ளிக்கு விடுமுறை விடுகிறார். அதோடு காலை உணவும் சத்துணவும் முட்டையும் நின்றுபோகின்றன, அதுவும் வீட்டில் அடுப்பு எரியாத நாளில். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்துக்கு ரத்தசோகை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று பிறந்ததே மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான். அடுப்பு இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், அரிசியும் இருக்கிறது. வகுப்புக்குத்தான் விடுமுறை, சமையலுக்கு இல்லை என்று ஆணையில் ஒரு வரி சேர்க்கட்டும். அங்கன்வாடிச் சத்துமாவு மழைக்கு முன்பே வீடுகளுக்குப் போகட்டும். அதன்பின் இரண்டாயிரமா ஆறாயிரமா என்ற பேச்சுக்கே வேலையிருக்காது.

தண்ணீர் சூழ்ந்த பள்ளியில் எப்படிச் சமைப்பது என்று அதிகாரிகள் கேட்பார்கள். செல்லூரில் சூழ்ந்தால் நெல்பேட்டையில் சமைத்து, டிராக்டரில் ஏற்றி அனுப்புங்கள்.