பிள்ளைக்கு என்ன விளங்கப்போகுது?

பிறந்து பத்து நாளான குழந்தையைப் பார்க்கப் போனால் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிறம் யாரைப்போல, மூக்கு யாரைப்போல, பிறக்கும்போது எத்தனை கிலோ. இந்த மூன்றும் முடிந்த பிறகு யாராவது குழந்தையின் முகத்தருகே குனிந்து நாலு வார்த்தை பேசத் தொடங்கினால், "இப்ப அதுக்கு என்ன விளங்கப்போகுது?" என்று ஒரு குரல் வரும். சிரிப்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் அதை நாம் உண்மையாகவே நம்புகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். அதே பிள்ளைக்கு மூன்று வயதானதும் நல்ல முன்பள்ளி தேடி அலைகிறோம். பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சைக்காக வகுப்பு வகுப்பாக அனுப்பி வதைக்கிறோம். பிள்ளைக்கு மூளை என்று ஒன்று இருப்பது அப்போதுதான் நமக்கு ஞாபகம் வருகிறது போலும்!

உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் நான். கடந்த ஒரு வருடமாக எங்கள் வீட்டில் ராத்தாவின் மகனும் வளர்கிறான். இந்த இரண்டு காரணங்களாலும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

குழந்தைக்கு ஒன்றும் விளங்காது என்ற எண்ணம் நம் ஊர் மூத்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. பெரிய படிப்புப் படித்த வைத்தியர்களிடமும் அது இருந்தது. 1980களின் நடுப்பகுதி வரை, முன்னேறிய நாடுகளிலேயே, பச்சிளங் குழந்தைகள் பலருக்கு வலியைத் தணிக்கும் மருந்து இல்லாமலோ மிகக் குறைவாகக் கொடுத்தோ சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அசையாமல் இருப்பதற்கு மருந்து கொடுத்தார்கள். வலி தெரியாமல் இருப்பதற்குக் கொடுக்கவில்லை. மயக்கமருந்தைப் பிஞ்சு உடல் தாங்காது என்ற பயம் ஒரு காரணம். நரம்புகள் முதிராத குழந்தை வலியைச் சரியாக உணராது, உணர்ந்தாலும் அதன் நினைவில் நிற்காது என்ற நம்பிக்கை மற்றக் காரணம். இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஒக்ஸ்போர்டுக்குச் சென்ற கன்வல்ஜீத் ஆனந்த் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை உடைத்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வலி நிவாரணி கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்தபோது, உடலின் அதிர்ச்சி குறைந்ததோடு பின்னர் வரும் சிக்கல்களும் குறைந்தன. "என்ன விளங்கப்போகுது?" என்ற கேள்விக்குள் இவ்வளவு கொடுமையும் ஒளிந்திருக்க முடியும் என்பதை முதன்முதலில் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, உண்மையில் அதற்கு என்னதான் விளங்குகிறது? பேசத் தெரியாத, தலையைக்கூட நிமிர்த்த முடியாத ஒரு ஜீவனிடம் எப்படிக் கேட்பது? அதற்குக் கண்டுபிடித்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தைக்கு நன்றாகத் தெரிந்த வேலை உறிஞ்சுவது. அந்தோனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு சூப்பியை வைத்தார்கள். குழந்தை ஒருமுறை உறிஞ்சிவிட்டு அடுத்த முறை உறிஞ்சும்வரை விடும் இடைவெளியைப் பொறுத்து, காதில் பொருத்திய கருவியில் அதன் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ கேட்கும். இரண்டு பேரும் வாசித்தது ஒரே கதை. தாயின் குரல் வருவதற்கு எப்படி உறிஞ்ச வேண்டும் என்பதைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள், அப்படியே உறிஞ்சினார்கள். இது 1980இல் வெளிவந்தது.

குழந்தை அந்தக் குரலை எங்கே கற்றது? 1986இல் டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் இன்னொரு படி போனார்கள். கர்ப்பிணித் தாய்மாரிடம் கடைசி ஆறு வாரங்கள் தினமும் ஒரே கதையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். பிறந்த பிறகு, அந்தக் கதையையும் முன்பு கேட்டிராத ஒரு கதையையும் கேட்க வைத்தபோது குழந்தைகள் பழைய கதையையே விரும்பின. வேறொரு பெண் வாசித்தாலும் அப்படியே. சொற்களின் பொருள் அவற்றுக்கு விளங்கியிருக்காது. ஓசையின் ஏற்ற இறக்கம் பதிந்திருந்தது. இந்த இடத்தில் வாப்பாமார் மனம் வருந்த வேண்டாம்: 1984இல் செய்த பரிசோதனையில் தந்தையின் குரலைக் குழந்தைகள் வேறு ஆணின் குரலிலிருந்து பிரித்தறிந்தாலும் அதை விசேடமாக விரும்பியதாகத் தெரியவில்லை. வயிற்றுக்குள் இருந்து கேட்ட குரலோடு போட்டி போடுவது கஷ்டம்தான்.

பிறந்தவுடன் குழந்தையின் காதில் பாங்கு சொல்வது நம் வழக்கம். அதன் நோக்கம் வேறு. அதை ஆய்வுகூடத்தின் சான்றிதழோடு சேர்த்துப் பேச நான் வரவில்லை. ஆனால் கேட்கும் காது ஒன்று அங்கே இருக்கிறது என்பதை மதித்துத்தானே நாம் அப்படிச் செய்கிறோம்? பாங்கு முடிந்த அடுத்த நாளே அந்தக் காதை மறந்துவிடுவதுதான் எனக்கு விளங்காதது.

தமிழ் பேசும் நமக்கு இன்னும் சுவையான ஆய்வு ஒன்று உண்டு. கனடாவில் ஜெனட் வேர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர், ஆங்கிலம் மட்டும் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஹிந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். நாக்கு பல்லில் படும் 'த', நாக்கு மடங்கி மேலே தொடும் 'ட' போன்ற இரண்டு ஒலிகள். ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆனால் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுக்கு வித்தியாசம் தெரிந்தது. பத்து, பன்னிரண்டு மாதமாகும்போது அந்தத் திறன் பெரும்பாலானோரிடம் மங்கிவிட்டது. 1984இல் வெளியான முடிவு இது. அதாவது, தன் வீட்டில் எந்த ஒலிகள் தேவை, எவை தேவையில்லை என்று ஒரு வயதுக்குள்ளேயே மூளை தரம் பிரித்து வைக்கிறது. நம் வீடுகளில் 'ழ'வை 'ள'வாகச் சொல்லிவிட்டு, ஒன்பதாம் ஆண்டில் தமிழ் டீச்சர் திருத்தும்போது பிள்ளை விழிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அதன் தொடக்கம் தொட்டிலில் இருக்கிறது.

அப்படியானால் நல்ல மொழியைப் போனில் போட்டுக் காட்டினால் போதாதா? இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். வொஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா குல், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்களை விளையாட வைத்தார். பன்னிரண்டு தடவைகள் மட்டும். சீன ஒலிகளைக் குழந்தைகள் நன்றாகப் பிரித்தறிந்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே புத்தகங்கள், அதே பேச்சு, ஆனால் தொலைக்காட்சித் திரையில். ஒன்றும் கற்கவில்லை. திரை குழந்தையின் கண்ணைப் பார்ப்பதில்லை. குழந்தை திரும்பினால் அது காத்திருப்பதில்லை. அது 'ங்ஙா' என்றால் பதிலுக்கு எதுவும் சொல்வதில்லை.

2003இல் வந்த இந்த முடிவை நினைத்தபடியே நம் வீடுகளைப் பாருங்கள். ஆறு மாதப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டப் போன். அழுகையை நிறுத்தப் போன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் சொன்னது. மத்திய கிழக்கிலிருந்து வாப்பா வீடியோவில் அழைப்பதை நான் இதில் சேர்க்கவில்லை. அமெரிக்கச் சிறுவர் வைத்தியர்களின் சங்கமும் அந்த அழைப்பை விலக்கித்தான் பேசுகிறது. அங்கே மறுபக்கத்தில் பதில் சொல்லும் முகம் இருக்கிறது. கார்ட்டூனில் அது இல்லை.

குழந்தையை அறிவாளியாக்குவதாகச் சொல்லி விற்கும் பொருட்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1993இல் 36 கல்லூரி மாணவர்கள் மொஸார்ட்டின் இசையைச் சிறிது நேரம் கேட்டபின் ஒருவகைக் கணிப்புச் சோதனையில் கொஞ்சம் கூடுதலாகச் செய்தார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அதுவும் மறைந்தது. குழந்தைகள் எவரும் அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் 1998இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்கப் பணம் கேட்டார்! 'பேபி ஐன்ஸ்டைன்' வீடியோக்களை விற்ற டிஸ்னி நிறுவனம் 2009இல் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. மூளை வளர்ச்சிக்கென்று விசேட கொழுப்பு சேர்த்த பால்மா பற்றியும் ஒரு வார்த்தை: நிறைமாதக் குழந்தைகளில் செய்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வில், அதனால் மூளை வளர்ச்சிக்குத் தெளிவான நன்மை எதுவும் தென்படவில்லை. இன்றைய விலையில் அந்த டின் எத்தனை ரூபாய் என்று உம்மாமாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா ஆய்வுகளும் நிலைத்து நின்றன என்று சொல்லவும் மாட்டேன். பிறந்து சில வாரங்களில் குழந்தை நாக்கை நீட்டுவதைப் பார்த்துத் தானும் நீட்டும் என்று 1977இல் மெல்ட்ஸோஃப் எழுதியது பாடப்புத்தகங்களில் ஏறியது. 2016இல் அவுஸ்திரேலியாவில் 106 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. விவாதம் இன்னும் ஓயவில்லை.

எனக்கு ஒரு பயம் உண்டு. இதையெல்லாம் எழுதினால் பழி முழுவதும் தாயின் தலையில் விழும். "நீ பிள்ளையோட பேசுறதில்ல" என்று மாமி குற்றம் சொல்ல இந்தக் கட்டுரை இன்னொரு ஆயுதமாகிவிடக் கூடாது. எட்வர்ட் ட்ரோனிக் என்பவர் 1970களில், தாய்மாரைச் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தைக்கு முன்னால் இருக்கச் சொன்னார். சில மாதக் குழந்தைகள் முதலில் சிரித்துப் பார்த்தன, கையை ஆட்டிப் பார்த்தன, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இதை வாசிக்கும்போது எனக்கு நினைவில் வருவது போனைப் பார்த்தபடி பாலூட்டும் தாய் மட்டுமல்ல. இரவெல்லாம் விழித்து, பகலெல்லாம் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி, யாரிடமும் சொல்ல முடியாமல் மனம் சோர்ந்து போன தாயும்தான். பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு வைத்தியம் உண்டு. அவளுடைய முகம் மலர வேண்டுமானால் அவளைத் தூங்க விட வேண்டும். அந்த நேரத்தில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு பேச வீட்டில் வேறு ஆட்கள் இருக்க வேண்டும். எங்கள் உம்மம்மா தாலாட்டில் ராத்தாவின் மகனுக்கு ஊரிலுள்ள எல்லாக் குடும்பத்தையும் சொல்லி முடித்துவிட்டார். அவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். புதிதாய்ப் பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது இருபது முப்பது சென்ரிமீற்றர் தூரம்தான். மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் குனியும் முகத்துக்கும் இடையில் உள்ள தூரமும் ஏறத்தாழ அதுதான்.

பெற்றோரிடம் ஒன்று கேட்பேன். கிளினிக்கில் தந்த பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் நிறைக் கோடு இருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். எந்த மாதத்தில் சிரிக்கும், எப்போது சத்தம் வரும் பக்கம் திரும்பும், கண் பின்தொடர்கிறதா, காது கேட்கிறதா என்ற பக்கங்களும் அதில் இருக்கின்றன. சத்தத்துக்குத் திடுக்கிடாமல் தூங்கும் குழந்தையை "நல்ல அமைதியான பிள்ளை" என்று நாம் மெச்சுகிறோம். அதற்குக் காது கேளாமலும் இருக்கலாம். ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட பிள்ளைகளின் மொழி, பிந்திக் கண்டறியப்பட்டவர்களின் மொழியைவிட நன்றாக வளர்ந்ததை கொலராடோவில் செய்யப்பட்டு 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. சந்தேகம் வந்தால் அடுத்த ஊசி நாள்வரை காத்திராமல் அந்தக் கிழமையிலேயே மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.