கெடுத்துப் பார்க்க ஒரு படம்



சேலத்துக்கு அருகிலுள்ள இளம்பிள்ளைப் பக்கம் சேலை நெய்யும் தறிக்கூடம் எதற்குள்ளாவது நீங்கள் நுழைந்திருந்தால், தறியின் தலைக்கு மேல் துளையிட்ட அட்டைகள் மாலைபோல் கோக்கப்பட்டுத் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதுவே ஜக்கார்டு. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கிய பொறி அது. அட்டையில் துளை இருந்தால் அதற்குரிய பாவு இழை உயரும், இல்லையேல் உயராது. மாங்காயும் மயிலும் இவ்வாறு துளைகளாகவே எழுதி வைக்கப்படுகின்றன. ஒரு துளை தவறினால், அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் சேலையில் அதே குறை தலைகாட்டும். குறை விழும் இடத்தைக் கொண்டே குற்றவாளி அட்டையைப் பிடித்துவிடலாம்.

உங்கள் கைப்பேசியில் உள்ள ஒளிப்படமும் இத்தகைய அட்டைக் கட்டுதான். துளைகளுக்குப் பதில் எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை உள்ள ஒரு பைட்டு. இந்த எண்களை வேண்டுமென்றே மாற்றி, படம் சிதைவதை ரசிப்பதைக் 'கிளிட்ச் கலை' என்கிறார்கள். நெதர்லாந்து நாட்டுக் கலைஞர் ரோசா மெங்க்மன் 2010-இல் தம்முடைய ஒரே முகப்படத்தைப் பலவகைக் கோப்புகளாகச் சேமித்து, ஒவ்வொன்றையும் கெடுத்து, அவை எப்படி வெவ்வேறு விதமாகச் சிதைகின்றன என்று காட்டினார். இன்று பொத்தானை அழுத்தினால் சிதைந்த தோற்றம் தரும் செயலிகள் பல உண்டு. அவற்றால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்பது என் கருத்து. அங்கே எதுவும் உண்மையில் கெடுவதில்லை. கெட்டதுபோல் வேடம் போடப்படுகிறது. கட்டளை வரியில், உங்கள் கையால், ஒரே ஓர் எண்ணைக் கெடுங்கள். அப்போதுதான் படம் பேசும்.

நாமக்கல் மலைக்கோட்டையின் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே பாறை, மேலே நீல வானம். அதை 'பி.எம்.பி.' வகையில், புள்ளிக்கு 24 பிட்டு என்ற கணக்கில், 1000 புள்ளி அகலமும் 1000 புள்ளி உயரமும் கொண்டதாகச் சேமியுங்கள். முதல் 54 பைட்டுகள் படத்தின் அளவு முதலிய முகவரி விவரங்கள். அவற்றைத் தொட்டால் படம் திறக்காமலே போகலாம். அதன்பின் புள்ளிக்கு மூன்றாக நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் 30 இலட்சம் எண்கள். விந்தை என்னவென்றால், எழுதுவது அடிவரிசையில் தொடங்கி மேலே போகிறது. கோலத்தை வாசற்படியிலிருந்து போடுவதற்குப் பதிலாகத் தெருப்பக்கமிருந்து போடுவதைப் போல.

லினக்ஸ் கணினியில் 'ஹெட்' என்ற கட்டளை கோப்பின் முன்பகுதியைப் பிரித்துத் தரும். 'டெயில்' பின்பகுதியைத் தரும். 'கேட்' துண்டுகளை ஒட்டும். தலை, வால், பூனை என்று எண்ணிவிடாதீர்கள். பூனை இங்கே 'தொடுத்தல்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் நடுத்துண்டு. கோப்பை நடுவில் இரண்டாக வெட்டி, இடையே 'ஏ' என்ற ஆங்கில எழுத்து ஒன்றைச் செருகி ஒட்டுங்கள். அது 65 என்ற ஒரே எண். வரிமுடிவுக் குறி கூடச் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஓர் எண்ணே. இப்போது படத்தைத் திறந்தால் கீழ்ப்பாதிப் பாறை அப்படியே இருக்கும். மேற்பாதியில் வானம் பச்சை! ஏன்? ஓர் எண் நுழைந்ததால் பின்வந்தவை எல்லாம் ஓரிடம் தள்ளி உட்கார்ந்துவிட்டன. நீலத்தின் எண் பச்சையின் இருக்கையில் அமர்ந்துவிட்டது.

சரி, ஆங்கில எழுத்துக்குப் பதில் நம் 'அ'வைச் செருகுங்கள். நிறம் மாறாது! யூடிஎஃப்-8 என்னும் முறையில் 'அ' மூன்று பைட்டுகள். எனவே ஒரு முழுப் புள்ளி நுழைந்து, மற்றவை ஒரு புள்ளி நகர்ந்ததோடு சரி. தமிழ் எழுத்து கணினியில் எத்தனை இடம் பிடிக்கிறது என்பதை வானத்தின் நிறம் சொல்லிவிடுகிறது.

இதே விளையாட்டை 'ஜே.பெக்.' படத்தில் ஆடினால் கதை வேறு. நாமக்கல்லில் முட்டை விலை "5 காசு உயர்வு", "10 காசு சரிவு" என்று செய்தி வருகிறதல்லவா? விலையை எழுதாமல் ஏற்ற இறக்கத்தை மட்டும் ஒருவர் குறித்து வருகிறார் என்று கொள்ளுங்கள். ஒருநாள் தவறாக எழுதினால் அதன்பின் எல்லா நாளும் விலை தவறுதான். ஜே.பெக். படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் சராசரி ஒளியையும் முந்தைய கட்டத்திலிருந்து உள்ள வேறுபாடாகவே எழுதுகிறது. எனவே ஒரு பைட்டு கெட்டால், பெரும்பாலும் அந்த இடத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் நிறம் பெயர்ந்து, பட்டை பட்டையாக விலகிவிடும். 'பி.என்.ஜி.' வகையோ ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கம் போலச் சரிபார்ப்பு எண்களைத் தன்னுள் வைத்திருக்கிறது. தவறு கண்டதும் அப்படத்தைத் திறக்கப் பெரும்பாலான மென்பொருள்கள் மறுத்துவிடும்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்பாரும் உண்டு. 2010-இல் வாயேஜர்-2 விண்கலம் அனுப்பிய அறிவியல் தரவுகள் திடீரெனப் புரியாத வடிவில் வந்தன. அதன் நினைவகத்தில் ஒரே ஒரு பிட்டு 0-லிருந்து 1-ஆகப் புரண்டிருந்தது என்று பொறியாளர்கள் பூமியில் இருந்தபடியே கண்டுபிடித்து, மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தனர். 1300 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள தறியில் எந்த அட்டை என்று கண்டவர்கள் அவர்கள்.

நம் பள்ளிகளிலோ கணினி அறை பூட்டியிருக்கிறது. திறந்தால் "தொடாதே, கெட்டுப்போகும்" என்ற குரல் கேட்கிறது. ஆசிரியரைக் குறை சொல்லி என்ன? கணினி பழுதானால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நான் கேட்பது சிறியது. ஒவ்வொரு கணினியிலும் 'கெடுக்க' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கட்டும். அதில் படங்களின் நகல்கள் மட்டும் இருக்கட்டும். மூலத்தைத் தொட வேண்டாம், பிறர் முகமும் வேண்டாம். ஏரி, மலை, மாடு போதும். வாரம் ஒரு பாடவேளை, கெடுத்தவர் ஏன் இப்படிக் கெட்டது என்று நான்கு வரி எழுதித் தர வேண்டும். மதிப்பெண் அந்த நான்கு வரிக்கே.

அதுவரை வீட்டுக் கணினியில் தொடங்குங்கள். 'அ'வுக்குப் பதில் 'கி' என்று செருகினால் வானம் என்ன நிறமாகும்? செருகும் முன்பே விடையைத் தாளில் எழுதிவிடுங்கள்.